கார கிராக்கர் சாப்ட்டவங்க வாங்க: உறைப்பு ஏன் ஆறாவது துண்டுல தான் வருது?

வெயில்மழை:

வணக்கம் மக்களே, வீட்ல எப்பவும் சாதா உப்பு கிராக்கர் பிஸ்கட் இல்லன்னா சீஸ் கிராக்கர் தான் ஓடும், இந்த வாரம் அதே கம்பெனியோட கார வகை கண்ணுல பட்டுச்சு, பாக்கெட்டு முழுக்க சிவப்பு, மேல மிளகாய் படம், பெரிய எழுத்துல எக்ஸ்ட்ரா ஹாட்னு போட்ருந்துச்சு, சரி பாத்துருவோம்னு வாங்கிட்டேன். உறைப்புன்னா எனக்கு உயிர், அதனால எதிர்பார்ப்பும் ஜாஸ்தி.

பிரிச்ச உடனே வந்த வாசனை மிளகாய் இல்ல, புளிப்பு வாசனை, வினிகர் மாதிரி, அதுக்கு பின்னாடி பூண்டு பொடி, அப்புறம் தான் லேசா வறுத்த மிளகாய். துண்டு சதுரமா சின்னதா இருக்கு, நடுவுல ஓட்டை, ஓரத்துல பழுப்பு ஏறிருக்கு, மேல சிவப்பு பொடி திட்டு திட்டா ஒட்டிருக்கு. எல்லா துண்டுலயும் ஒரே மாதிரி இல்ல, ஒண்ணு நல்லா செவந்து இருக்கு, இன்னொண்ணு வெளிறிப்போய் கெடக்கு.

முதல் துண்டு வாயில போட்டேன். மொறுமொறுப்புக்கு நூத்துக்கு நூறு குடுக்கலாம், பல்லுல பட்டதும் டப்புன்னு உடையுது. ஆனா நாக்குல முதல்ல உப்பு, அப்புறம் புளிப்பு, அப்புறம் சீஸ், உறைப்பு எங்கப்பான்னு தேட வேண்டியதா இருந்துச்சு. ரெண்டு, மூணு, நாலு, ஒண்ணும் இல்ல. அஞ்சாவது முடிச்சு ஆறாவது கடிச்சப்போ தான் தொண்டைக்கு பின்னாடி ஒரு சூடு கெளம்புச்சு, நுனி நாக்குல இல்ல, உள்நாக்கு பக்கம். பத்து துண்டு ஆனப்போ காது மடல் வரைக்கும் சூடு, மூக்குல தண்ணி. தண்ணி குடிச்சேன், அடங்கல, இன்னும் பரவுன மாதிரி இருந்துச்சு.

என் கேள்வி இதான், இது நெஜமாவே கார கிராக்கரா இல்ல புளிப்பு கிராக்கருக்கு சிவப்பு சாயம் பூசி வச்சுருக்காங்களா? உங்க அனுபவம் சொல்லுங்க, எந்த கம்பெனின்னு பேர் வேணாம், ருசிய மட்டும் பேசுவோம்.

நொறுக்ஸ்நாதன்:

சகோ சரியா புடிச்சீங்க, நானும் இதே முடிவுக்கு தான் வந்தேன். பாக்கெட்டு பின்னாடி திருப்பி சேர்மானம் படிங்க. எடை ஜாஸ்தி உள்ளது முதல்ல, கம்மியானது கடைசில, அந்த வரிசைல தான் எழுதுவாங்க. கோதுமை மாவு, எண்ணெய், சீஸ் பொடி, உப்பு, சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின்ற மாவுச்சத்து பொடி, புளிப்புக்கு போடற சிட்ரிக் ஆசிட் எல்லாம் வந்து முடிஞ்சப்புறம் தான் மிளகாய் பொடி வரும். அதோட பாப்ரிகா (ஒரு வகை சிவப்பு குடமிளகாய்) சாறுன்னு ஒண்ணு இருக்கும், ஈ 160சின்னு குறியீடா போட்ருந்தாலும் அதே தான், அது நெறத்துக்கு சேக்கறது, அதுல உறைப்பு கெடையாதுன்னே வச்சுக்கலாம். சிவப்பா இருந்தா உறைக்கும்னு நம்ம கண்ணு முன்னாடியே முடிவு பண்ணிருது, நாக்கு ஏமாந்து போகுது.

என் ஓட்டு, புளிப்பு கிராக்கர் தான்.

மைதாமாவு:

கொஞ்ச வருஷம் கிராக்கர் லைன்ல வேலை பாத்தவன்ற முறைல சொல்றேன், நாதன் அண்ணன் சொன்னது பாதி சரி.

முதல்ல கிராக்கர் எப்படி வருதுன்னு பாத்தா உங்க ஆறாவது துண்டு விஷயம் புரியும். மாவ தகடா தேச்சு, மடிச்சு மடிச்சு அடுக்காக்கி மறுபடி தேப்பாங்க, அப்புறம் ஊசி உருளை வச்சு ஓட்டை போடுவாங்க. அந்த ஓட்டை அழகுக்கு இல்ல, அடுப்புல மாவுக்குள்ள உள்ள ஈரம் ஆவியாகி மேல கெளம்பும்ல, அது வெளிய போக வழி இல்லன்னா துண்டு பூரா உப்பி பலூன் ஆயிரும். ஓட்டை உள்ள எடத்துல மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒட்டிக்கும், மத்த எடம் லேசா எழும்பும். வெளிய வரும்போது ஈரம் அஞ்சு சதவீதத்துக்கும் கீழ போயிருக்கும், அதனால தான் அந்த டப்பு சத்தம்.

இப்ப காரத்துக்கு வாரேன். பெரும்பாலும் மசாலாவ மாவுல கலக்க மாட்டாங்க. அடுப்புல இருந்து சூடா வர்ற துண்டு மேல எண்ணெய் தெளிப்பாங்க, அப்புறம் சாய்வா வச்ச பெரிய டிரம்முக்குள்ள உருட்டி விட்டு மேல இருந்து பொடி தூவுவாங்க. எண்ணெய் தான் பசை. ஈரமில்லாத துண்டுல பொடி வேற எப்படி நிக்கும்? எண்ணெய் நல்லா பட்ட எடத்துல பொடி கெட்டியா ஒட்டும், பொங்குன மேட்டுல ஒட்டுனது உரசி உதிரும், ஓட்டைக்குள்ள போனது அப்படியே தங்கிரும். உங்க கண்ணுக்கு திட்டு திட்டா தெரியறது இதான்.

உறைப்பு குடுக்கற கேப்சைசின் இருக்கே, அது தண்ணில கரையாது, எண்ணெய்ல கரையும். உப்பும் சிட்ரிக் ஆசிட்டும் எச்சில் பட்ட நொடியே கரைஞ்சு நாக்குல ஏறிரும், கேப்சைசின் எண்ணெயோட ஒட்டிக்கிட்டு மெதுவா தான் வெளிய வரும். அதான் முதல்ல உப்பு, புளிப்பு, கடைசில உறைப்பு.

வெயில்மழை சகோ, ஒண்ணு கேக்கணும். பாக்கெட்ட நிமித்தி வச்சே பிரிச்சு மேல இருந்து எடுத்தீங்களா? அப்படின்னா உங்களுக்கு கெடச்சது பாவம் உதிர்ந்து போன துண்டுங்க. லாரில ஆடி ஆடி வந்து, அலமாரில நின்னு, பொடி எல்லாம் அடில போய் சேந்துருக்கும். பிரிக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்ட தலைகீழா ஒரு பத்து நிமிஷம் வைங்க, ரெண்டு தடவ மெதுவா பொரட்டுங்க, வேகமா குலுக்காதீங்க, உடைஞ்சுரும். அப்புறம் சாப்ட்டு பாத்து சொல்லுங்க.

யாழினிமா:

மைதாமாவு அண்ணா எவ்ளோ விஷயம்! நான் ஓட்டை டிசைன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

தண்ணி குடிச்சு அடங்கலன்னு எழுதிருக்கீங்களே, அது நானும் பட்டது. என் பையனுக்கு எட்டு வயசு, அவன் கேட்டான்னு ஒரு துண்டு குடுத்தேன், அது பாக்கெட்டோட அடில இருந்து எடுத்தது, முழுக்க செவந்த துண்டு. அழுதுட்டான். டம்ளர் டம்ளரா தண்ணி குடுத்தேன், இன்னும் ஜாஸ்தியா அழுதான், அப்புறம் பால் குடுத்ததும் தான் அடங்குனான். பால்ல உள்ள கேசின்ற புரதம் கேப்சைசின புடிச்சு இழுத்துட்டு போகும்னு பின்னாடி தெரிஞ்சுகிட்டேன். தண்ணி அதை கழுவாது, வாய் பூரா தேச்சு விடும், அவ்ளோ தான். ஜில்லுனு பால் இருந்தா இன்னும் நல்லது, குளிர்ச்சியும் எரிச்சல கொறைக்கும்.

இன்னொண்ணு, சாப்ட்ட கையோட அவன் கண்ண கசக்கிட்டான். அந்த பத்து நிமிஷம் எனக்கு உயிரே போச்சு. விரல்ல ஒட்டுன சிவப்பு பொடிய வெறும் தண்ணில கழுவுனா போகாதுங்க, சோப்பு போட்டு தேச்சு கழுவணும், எண்ணெய் ஒட்டிருக்குல்ல. குழந்தைங்க உள்ள வீட்ல தயவு செஞ்சு இதை ஞாபகம் வச்சுக்கோங்க. பெரியவங்க நாம ஆசைக்கு வாங்கறது, மேல் அலமாரில வைங்க.

நொறுக்ஸ்நாதன்:

//பாதி சரி//

பாதி சரின்னாலும் சந்தோஷம் தான் :) அடில போய் சேருதுன்னு நான் யோசிக்கவே இல்ல. நான் எப்பவும் பாக்கெட்டு பாதி தாண்டுனதும் வச்சுருவேன், அடி வரைக்கும் போனதே இல்ல.

வெயில்மழை:

மைதாமாவு அண்ணா, நீங்க சொன்னது அப்படியே உண்மை. நிமித்தி வச்சு தான் பிரிச்சேன். பாக்கெட்டுல மிச்சம் இருந்தத ஒரு வெள்ளை தட்டுல கொட்டி பாத்தேன், கடைசில உதிர்ந்த பொடியும் உடைஞ்ச துண்டுமா ஒரு ஸ்பூனுக்கு மேல விழுந்துச்சு. அந்த பொடிய மட்டும் நுனி விரல்ல தொட்டு நாக்குல வச்சேன். புளிப்பு சுள்ளுன்னு ஏறுச்சு, அடுத்த நாலஞ்சு நொடில உறைப்பு, இந்த தடவ நாக்கோட நடுவுலயே. அப்ப உறைப்பு இருக்கு, துண்டு மேல நிக்கல.

நேத்து புதுசா இன்னொரு பாக்கெட்டு எடுத்து தலைகீழா வச்சு, பொரட்டி, அப்புறம் பிரிச்சேன். ரெண்டாவது துண்டுலயே சூடு தெரிஞ்சுது. ஆனா இதுலயும் ஒண்ணு பாத்தேன், முதல் அஞ்சு துண்டு வரைக்கும் ஏறிட்டே போச்சு, அப்புறம் போன் வந்து கால் மணி நேரம் பேசிட்டு வந்து சாப்ட்டா அதே துண்டுங்க சப்புன்னு இருக்கு. பாக்கெட்டு அதே, நான் அதே, அப்புறம் எப்படி?

ருசிக்குறிப்பு:

இந்த கேள்விக்காகவே லாகின் பண்ணேன். ருசி பாக்கற குழுவுல ஒக்காந்துருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

உறைப்பு ருசியே கெடையாது. உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு, உமாமி (சீஸ், காளான்ல வர்ற ருசி), இதுங்களுக்கு நாக்குல மொட்டு இருக்கு, உறைப்புக்கு அந்த மாதிரி மொட்டு இல்ல. அது வலி, சூட்டோட வலி. நரம்பு நுனில டிஆர்பிவி1ன்னு ஒரு வாசல் இருக்கு, சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டா தெறக்கும், கேப்சைசின் பட்டாலும் தெறக்கும், மூளைக்கு ரெண்டும் ஒண்ணு தான், வாய் சுடுதுன்னு தான் சேதி போகும். 1997ல டேவிட் ஜூலியஸோட ஆய்வுக்கூடத்துல இதை கண்டுபுடிச்சாங்க, 2021ல அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் குடுத்தாங்க. வாசல் சூட்டுக்கும் தெறக்கறதால தான் கார கிராக்கரோட சூடா டீ குடிச்சா எரிச்சல் இன்னும் ஏறுது.

இப்ப வெயில்மழை கேட்டது. இடைவெளி விடாம ஒண்ணு மேல ஒண்ணா போட்டா ஒவ்வொரு துண்டும் முந்தினத விட ஜாஸ்தியா எரியும், நரம்பு உசுப்பேறிருது. நடுவுல பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டா அதே நரம்பு மரத்துப்போகும், அப்புறம் அதே அளவு உறைப்பு கம்மியா தெரியும். ரெண்டும் ஒரே பொருளோட வேலை. அதனால தான் ஒரே பாக்கெட்ட ஒருத்தர் சப்புன்றார், இன்னொருத்தர் எரியுதுன்றார், ரெண்டு பேரும் பொய் சொல்லல.

புளிப்ப பத்தி நீங்க எல்லாம் திட்டிட்டீங்க, நான் அதுக்காக பேசறேன். அமிலம் பட்டா அந்த வாசல் இன்னும் சுலபமா தெறக்கும். புளிப்பு உறைப்ப மறைக்க வந்தது இல்ல, தூக்கி விட வந்தது. நல்ல கார கிராக்கர்ல புளிப்பு முன்னாடி ஓடும், உறைப்பு அது முதுகுல ஏறி வரும். புளிப்பு போய் சேந்தப்புறமும் உறைப்பு வரலன்னா தான் அது மோசமான மசாலா.

ஒழுங்கா ருசி பாக்கணும்னா என் வழி சொல்றேன், கண்ண மூடிக்கோங்க, அது தான் முக்கியம், சிவப்ப பாத்துட்டு சாப்ட்டா மனசு முன்னாடியே உறைக்க ஆரம்பிச்சுரும். பொடி உள்ள பக்கத்த கீழ திருப்பி நாக்குல வச்சு ரெண்டு நொடி கடிக்காம இருங்க, உப்பும் புளிப்பும் தனியா தெரியும், அப்புறம் மெல்லுங்க, முழுங்கிட்டு மூக்கு வழியா மூச்சு விடுங்க, பூண்டு வாசனை, புகை வாசனை எல்லாம் அப்ப தான் வெளிய வரும். மனசுக்குள்ள எண்ணிட்டே இருங்க, உறைப்பு எத்தனாவது நொடில வருது, எத்தனாவது நொடில உச்சி, எப்ப எறங்குதுன்னு. வகை மாத்தும்போது நடுவுல உப்பு மட்டும் போட்ட சாதா கிராக்கர் ஒண்ணு, கொஞ்சம் பால், கொஞ்ச நேரம் ஓய்வு.

தூரத்துப்பச்சை:

எல்லாரும் உறைப்பையே பேசறீங்க, நான் மாத்தி ஒண்ணு சொல்லணும். கிராக்கர்னா எனக்கு வெந்த கோதுமை வாசனை தான், ஓரம் செவந்து கருகற பதத்துக்கு முன்னாடி வர்ற அந்த கொட்டை வாசனை. இந்த கார வகைல அது செத்தே போச்சு. புளிப்பு, பூண்டு, சீஸ், உமாமிக்கு போடறது, எல்லாம் சேந்து கத்துதுங்க, மாவு பேசவே எடம் இல்ல. உறைப்பு வேணும்னா மிளகு கிராக்கர் சாப்டுங்க. மிளகுல உள்ளது பைப்பரின், அது கேப்சைசின் அளவுக்கு சுடாது, சாப்ட்டப்புறம் ரொம்ப நேரம் நிக்கவும் நிக்காது, கோதுமையோட சண்டை போடாது, கூடவே நடக்கும்.

வசாபி (ஜப்பான்காரங்க சாப்பிடற காரமான பச்சை விழுது) வகை ஒரு தடவ சாப்ட்டேன், அது வேற மாதிரி, நாக்குல ஒண்ணுமே இல்ல, நேரா மூக்குக்கு ஏறி கண்ணுல தண்ணி வர வச்சுட்டு அரை நிமிஷத்துல காணாம போயிருச்சு.

ருசிக்குறிப்பு:

வசாபி பத்தி நீங்க சொன்னது ரொம்ப சரி. அதுல உள்ளது கடுகுலயும் இருக்கற அலைல் ஐசோதயோசயனேட், காத்துல கலந்து ஓடிப்போற சரக்கு, அதான் மூக்குக்கு ஏறுது, அதான் சீக்கிரமும் போகுது. அது தெறக்கற வாசலே பெரும்பாலும் வேற, டிஆர்பிஏ1. கோதுமை செத்துப்போச்சுன்றத நான் ஒத்துக்க மாட்டேன், நான் சொன்ன மாதிரி கண்ண மூடி பாருங்க, கடைசில, உறைப்பு எறங்குற நேரத்துல, மாவு திரும்ப வரும்.

பழையமாணவன்:

பாக்கெட்டு மேல மிளகாய் பேர் போட்டு மிரட்டறத பத்தி யாரும் பேசலையே. உலகத்துலயே ஜாஸ்தி உறைப்பான மிளகாய் இதுல இருக்குன்னு எழுதிருப்பாங்க, வாங்கி சாப்ட்டா சாதாரணமா இருக்கும், ஏன்னு பாருங்க.

உறைப்ப அளக்கறதுக்கு ஸ்கோவில்னு ஒரு அளவு இருக்கு, வில்பர் ஸ்கோவில்னு ஒரு மருந்தியல் ஆள் 1912ல கொண்டு வந்தது. மிளகாய் சாற சர்க்கரை தண்ணில கரைச்சு, ருசி பாக்கற ஆளுங்களுக்கு குடுத்து, உறைப்பு தெரியாம போற வரைக்கும் தண்ணிய கூட்டிட்டே போவார், எத்தன மடங்கு கரைச்சாரோ அது தான் எண். இப்ப மெஷின் வச்சு கேப்சைசின் எவ்ளோன்னு நேரா அளந்து அதே எண்ணா மாத்திருவாங்க. ஹலபெனோ சுமார் 2,500ல இருந்து 8,000, ஹபனேரோ 1,00,000ல இருந்து 3,50,000, கரோலினா ரீப்பர் 15 லட்சத்துக்கும் மேல, 2023ல கின்னஸ்ல ஏறுன பெப்பர் எக்ஸ் சராசரி 26 லட்சத்து 93 ஆயிரம், சுத்தமான கேப்சைசின் 1 கோடியே 60 லட்சம்.

ஆனா அந்த எண் மிளகாயோடது, கிராக்கரோடது இல்ல. ஒரு கணக்கு போடுவோம், 50,000 அளவு உள்ள மிளகாய் பொடி, கிராக்கர் எடைல நூத்துல ஒரு பங்கு இருக்குன்னு வைங்க, அப்ப கிராக்கர் மொத்தமா 500 தான். பத்துல ஒரு பங்கு போட்டா தான் 5,000 வரும், அவ்ளோ பொடி எந்த எண்ணெய்லயும் ஒட்டி நிக்காது. அதான் ரொம்ப உறைப்பு வேணும்னு செய்யறவங்க பொடிக்கு பதிலா மிளகாயோட கெட்டி சாறு, ஓலியோரெசின்னு சொல்வாங்க, அதை கலக்கறாங்க, கொஞ்சமா போட்டாலே போதும். பாக்கெட்டுல மிளகாய் பேர விட அந்த வார்த்தைய தேடுங்க, இருந்தா உறைப்பு நெஜம்.

மைதாமாவு:

//அவ்ளோ பொடி எந்த எண்ணெய்லயும் ஒட்டி நிக்காது//

கொஞ்சம் திருத்தம் அண்ணா, மசாலா மொத்தமா பார்த்தா பத்து சதவீதம் வரைக்கும் கூட ஒட்ட வைக்கலாம், ஆனா அதுல பெரும்பங்கு உப்பு, சீஸ் பொடி, மால்டோடெக்ஸ்ட்ரின் தான், பூராவும் மிளகாயா போட முடியாது, கசந்துரும். ஓலியோரெசின் விஷயம் மிகச்சரி. அதை தெளிக்கற எண்ணெய்லயே கலந்துட்டா துண்டுக்கு துண்டு சமமா உறைக்கும், பொடி உதிர்ந்தாலும் உறைப்பு போகாது. அந்த வகைல கண்ணுக்கு பொடியே ஜாஸ்தி தெரியாது, வெளிறி இருக்கும், சாப்ட்டா தான் தெரியும்.

யாழினிமா:

இந்த எண்ண எல்லாம் பாத்துட்டு யாரும் சவால் கிவால்னு எறங்கிராதீங்க ப்ளீஸ். 2023 செப்டம்பர்ல அமெரிக்கால ஒத்த சிப்ஸ் சவால்னு ரொம்ப உறைப்பான சிப்ஸ் ஒண்ண சாப்ட்டு 14 வயசு பையன் ஒருத்தன் இறந்துட்டான், அந்த கம்பெனி அதை கடைங்கள்ல இருந்து திரும்ப எடுத்துருச்சு. அந்த பையனுக்கு ஏற்கனவே இதயத்துல கோளாறு இருந்துச்சுன்னு பரிசோதனைல வந்துச்சு, ஆனா அது யாருக்கும் முன்னாடி தெரியலையே. நம்ம பேசற கிராக்கர் அவ்ளோ உறைப்பு இல்ல, தெரியும், இருந்தாலும் பசங்க படிக்கற எடம், சொல்லாம இருக்க முடியல.

தூரத்துப்பச்சை:

+1 யாழினி அக்கா.

வெயில்மழை:

ருசிக்குறிப்பு சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன், தங்கச்சியும் சேந்துகிட்டா. அவ கண்ண நான் துணியால கட்டி, என் கண்ண அவ கட்டி, மாத்தி மாத்தி குடுத்துகிட்டோம். சாதா கிராக்கர், கார கிராக்கர்ல செவந்த துண்டு, கார கிராக்கர்லயே வெளிறின துண்டு, மூணு வகை, நடுவுல பாலும் ஓய்வும்.

சாதா எது கார எதுன்னு ஒரு தடவ கூட தப்பல, வாசனைலயே தெரிஞ்சுருது. ஆனா செவந்ததுக்கும் வெளிறினதுக்கும் உறைப்புல வித்தியாசம் நான் நெனச்ச அளவு இல்ல. அவளுக்கு ஆறுல மூணு தடவ மாறிப்போச்சு, எனக்கு ரெண்டு தடவ. புளிப்பும் உப்பும் தான் செவந்ததுல தூக்கல். அப்புறம் தான் பாக்கெட்ட எடுத்து சேர்மானத்த உத்து பாத்தேன், மிளகாய் பொடி தனியா, மிளகாய் ஓலியோரெசின் தனியான்னு ரெண்டும் போட்ருக்கு, எழுத்து அவ்ளோ சின்னது. அப்ப மைதாமாவு அண்ணன் சொன்ன மாதிரி எண்ணெய்லயும் கலந்துருக்கணும். நொடி எண்ணி பாத்ததுல கடிச்சு ஏழெட்டு நொடில உறைப்பு ஆரம்பம், உச்சி இருவது நொடி சுமாருக்கு, ஒரு நிமிஷம் தாண்டியும் தொண்டைல நிக்குது.

முதல் பதிவுல சாயம் பூசிருக்காங்களான்னு கேட்டேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கறேன், இது கார கிராக்கர் தான், ஆனா எக்ஸ்ட்ரா ஹாட் இல்ல, நடுத்தரம். மொறுமொறுப்புக்கு 10, உறைப்புக்கு 6, புளிப்பு இன்னும் கால்வாசி கொறைச்சா 8 போடுவேன். தூரத்துப்பச்சை, கடைசில மாவு திரும்ப வருதுன்னு ருசிக்குறிப்பு சொன்னது உண்மை, ரெண்டாவது சுத்துல தங்கச்சி தான் முதல்ல சொன்னா, எரிச்சல் எறங்கும்போது அந்த கொட்டை வாசனை லேசா வருதுன்னு, அப்புறம் எனக்கும் தெரிஞ்சுது.

தூரத்துப்பச்சை:

சரி சகோ, கண்ண மூடி ஒரு தடவ பாக்கறேன். ஆனா பிரிச்சு ரெண்டு நாளான பாக்கெட்டு தான் இருக்கு, கிளிப் போட்டு வச்சுருந்தேன், லேசா நமத்துருச்சு. அதுல பாத்தா சரியா வருமா?

மைதாமாவு:

வராது. ஈரம் ஏறுன துண்டு உடையாது, இழுபடும், மசாலாவும் ஈரம் குடிச்சு பிசுபிசுன்னு ஆயிரும், மாவு வாசனையும் மந்தமா தான் தெரியும். ஒரு தட்டுல பரப்பி மிதமான சூட்டுல ஓவன்ல நாலஞ்சு நிமிஷம் வைங்க, மிளகாய் கருகாம பாத்துக்கோங்க, வெளிய எடுத்து முழுசா ஆறுனப்புறம் மொறுமொறுப்பு திரும்பிரும். சூடா இருக்கும்போதே கடிச்சு பாத்துட்டு வரலன்னு சொல்லாதீங்க, ஆறணும்.

தூரத்துப்பச்சை:

வச்சுட்டேன், ஆறட்டும், வந்து எழுதறேன்.